பாகுபலியின் மனத்தில் தைத்த முள்

செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அமைந்த ஊர். அங்குள்ள மலைநாதர் கோயில் பாறையில் தீர்த்தங்கரர்களோடு பாகுபலியும் செதுக்கப்பட்டிருக்கிறார். மனக்காயம் ஆறுவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிற்பமே நினைவுக்கு வருகிறது.

அண்ணன் பரதனைத் தனிப்போரில் வென்ற பிறகும் அரசைத் துறந்தவர் பாகுபலி. மேனியில் கொடி படர ஓராண்டு அசையாது நின்றும் அவருக்கு ஞானம் கிட்டவில்லை. அண்ணனுக்குரிய மண்ணில் நிற்கிறோமே என்ற உறுத்தல் முள்ளாய்த் தைத்திருந்தது என்கிறது மரபுக்கதை. தோற்ற சீற்றத்தில் தம்பிமீது சக்கரத்தை ஏவிய பரதனே வந்து வணங்கிய பிறகுதான் அந்த முள் அகன்றது. தவத்தால் ஆகாதது, தவறிழைத்தவனின் வருகையால் ஆயிற்று.

சமண நூல்கள் சினத்தைக் கல்லில், மண்ணில், மணலில், நீரில் இட்ட கோடுகளாக நான்கு வகைப்படுத்துகின்றன. சினம் எத்தனை நாள் நிலைக்கிறது என்பதே அங்கே அளவுகோல். பழைய காயத்தை ஓயாமல் அசைபோடுவதை இன்றைய உளவியலும் மனச்சோர்வோடு தொடர்புபடுத்துகிறது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் என்ரைட் வகுத்த மன்னிப்புச் சிகிச்சை, உள்ளே புதைத்த சினத்தை ஒப்புக்கொள்வதில் தொடங்குகிறது. மன்னிப்பதும் மீண்டும் உறவாடுவதும் ஒன்றல்ல என்கிறார் அவர். நம் வீடுகளிலோ ‘மறந்துவிடு’ என்ற அறிவுரை, பெரும்பாலும் புண்பட்டவருக்கு மட்டுமே கிடைக்கிறது.

திகம்பர சமணர்கள் பத்து நாள் தசலட்சண விழா முடிந்ததும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கோருவர். முதல் அடி, கேட்பவருடையது. இப்போது பலருக்கு அது வாட்ஸ்அப் செய்தியாகிவிட்டது. நூறு பேருக்கு ஒரே நொடியில் அனுப்பிவிடலாம். உண்மையில் நாம் புண்படுத்திய அந்த ஒருவரின் வாசலுக்குப் போகாமலும் இருந்துவிடலாம்.