தோல் அழற்சியும் கொப்புள நோய்களும்

நூலுக்குச் சாயமேற்றுவோரும் வயலில் களை பறிப்போரும் கைகளையே மூலதனமாகக் கொண்டவர்கள். அக்கைகளில் அரிப்பும் கொப்புளமும் கண்டால் வேலை நிற்கிறது; கூலி குறைகிறது. அதனினும் கொடியது, ஒட்டுவாரொட்டி என்று அஞ்சி அண்டை அயலார் ஒதுங்குவது. ஆகவே, இந்நோய்களின் தன்மையை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

தோலின் மேற்படலத்தில் உள்ள உயிரணுக்கள், நெருக்கமாக நெய்த துணியின் இழைகள்போல் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. அழற்சி உண்டாகும்போது அதன் கீழுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. நீரும் வெள்ளணுக்களும் வெளியே கசிகின்றன. சிவப்பும் வீக்கமும் இதனால் தோன்றுபவையே.

கரப்பானில் இந்நீர் அணுக்களின் இடையே புகுந்து, சிறு கொப்புளங்களாகத் திரண்டு உடைகிறது. நாட்பட்டால் தோல் தடித்துக் கறுக்கும். தொழிலால் வரும் கரப்பான் இருவகைப்படும். காஸ்டிக் சோடா, சலவைத்தூள் போன்றவை எவர் தோலையும் அரிக்க வல்லவை. குரோமிய உப்பு, சிலவகைச் சாயங்கள், பார்த்தீனியச் செடி ஆகியவையோ ஒவ்வாமை உடையவரை மட்டுமே தாக்கும். பல்லாண்டு தீங்கின்றிப் பழகிய பொருளும் ஒருநாள் ஒவ்வாததாகலாம். பின்னர் அதைத் தொட்டால், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அழற்சி தோன்றும். ஐயத்துக்குரிய பொருளை முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்தில் எடுத்துப் பார்க்கும் சோதனை இதனைக் காட்டிக்கொடுக்கும். யாடாசோன் என்னும் மருத்துவர் 1895-இல் வெளியிட்ட முறை இது.

சொரியாசிஸ் வேறு வகை. ஏறத்தாழ நான்கு வாரங்களில் மேலெழுந்து உதிர வேண்டிய அணுக்கள் சில நாட்களிலேயே மேலே வந்து, வெள்ளி நிறச் செதில்களாகக் குவிகின்றன. முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் இதனை மிகுதியும் காணலாம்.

பெம்பிகஸ் என்னும் கொப்புள நோயில், உடலின் காப்புச் சக்தியே அணுக்களைப் பிணைக்கும் பொருளைப் பகையாகக் கருதி அழிக்கிறது. இழை பிரிந்த துணிபோல் மேல்தோல் நெகிழ்ந்து, தொட்டால் உடையும் தளர்ந்த கொப்புளங்கள் எழுகின்றன. பலருக்கு முதலில் வாயில்தான் புண் தோன்றும். சூட்டினால் வந்தது என்று கருதி மாதக்கணக்கில் வாளாவிருப்பவர் உண்டு. ஸ்டீராய்டு மருந்துகள் வருமுன் இந்நோய் கண்டோரில் பெரும்பாலோர் மாண்டனர். முதியோருக்கு வரும் பெம்பிகாய்டு வேறு. அதில் கொப்புளம் மேல்தோலின் அடியில் எழுவதால் இறுகி நிற்கும். இவ்விரண்டையும் 1953-இல் லீவர் பிரித்துக் காட்டினார்.

மேற்சொன்னவற்றுள் எதுவும் தொற்றுவதன்று. சொறிசிரங்கோ தொற்றும், ஆதலின் இன்னதென்று டாக்டரே நிர்ணயிக்க வேண்டும். சாயப்பட்டறையில் தக்க கையுறையும், கை கழுவ நல்ல நீரும் வைப்பது சங்கங்களின் கடமை. ஒவ்வாத வேலையிலிருப்பவருக்கு மாற்று வேலை தருக. விலக்கி வைத்தல் வேண்டா. ஆறாத வாய்ப்புண்ணும் பரவும் கொப்புளமும் கண்டால், தாமதியாது மருத்துவமனைக்கு அனுப்புக.