வாசகரைக் கழித்துக்கட்டிய கணக்கு
காகிதமும் திரையும் – 7

1936 நவம்பர் 23. ‘லைஃப்’ வார இதழின் முதல் பிரதி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. விலை பத்து சென்ட். அட்டையில் மார்கரெட் போர்க்-வைட் எடுத்த புகைப்படம். மொன்டானா மாநிலத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஃபோர்ட் பெக் அணையின் பிரம்மாண்டமான தூண்கள். அவற்றின் அடியில், உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் இரண்டு மனிதர்கள். அந்த இதழ் விற்றுத் தீர்ந்தது. நான்கே மாதங்களில் வாரத்துக்குப் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

விற்க விற்க, உரிமையாளர் ஹென்றி லூஸின் நஷ்டமும் ஏறியது. இரண்டரை லட்சம் பிரதிகள் விற்கும் என்று உத்தரவாதம் கொடுத்து, அந்தக் கணக்கில் விளம்பரக் கட்டணங்களை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருந்தார்கள். விற்பதோ பத்து லட்சம். வாசகர் கொடுத்த பத்து சென்ட் காகிதத்துக்கும் அச்சுக்கும் காணாது. மீதியை விளம்பரம்தான் ஈடுகட்ட வேண்டும். கூடுதலாக அச்சிட்ட ஒவ்வொரு பிரதிக்கும் கைக்காசு போனது. பழைய ஒப்பந்தங்கள் முடிந்து கட்டணத்தை உயர்த்தும்வரை, அமோக வரவேற்பே அந்தப் பத்திரிகையைக் கிட்டத்தட்ட மூழ்கடித்தது.

அச்சுப் பத்திரிகையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இணையத்திலிருந்து தொடங்குவது வழக்கம். கைபேசி வந்தது, வாசிப்பு போனது என்று கதை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ‘லைஃப்’ எப்படி நின்றது என்று பார்த்தால் அந்த வரி போதாது என்பது புரியும்.

1960-களில் அமெரிக்காவின் பெரிய விளம்பரங்கள் தொலைக்காட்சிக்குப் போகத் தொடங்கின. சோப்பு, கார், சிகரெட் விற்கிறவர்களுக்கு நாடு முழுவதையும் ஒரே மாலையில் சென்றடைய வழி கிடைத்துவிட்டது. ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழுக்கு அப்போது 68 லட்சம் பிரதிகள் போய்க்கொண்டிருந்தன. 1968-இல் அதன் நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது: சந்தாதாரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை நீக்கி, 30 லட்சமாகக் குறைத்துக்கொள்வது. சந்தா கட்டாதவர்களை அல்ல, ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர்களை. கிராமங்களிலும் சிற்றூர்களிலும் இருந்த அவர்களை விளம்பரதாரர்கள் விரும்பவில்லை என்பதுதான் காரணம். ஒரு பத்திரிகை தன்னை விரும்பி வாங்குகிறவர்களிடம் ‘நீங்கள் வேண்டாம்’ என்று சொன்ன அந்த நாளைவிட வேதனையான நாள் அச்சு வரலாற்றில் அதிகம் இருக்காது. அந்த வைத்தியமும் பலிக்கவில்லை. 1969 பிப்ரவரியில் ‘போஸ்ட்’ நின்றது.

கழித்துவிடப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை ‘லைஃப்’ எடுத்துக்கொண்டது. அதன் விற்பனை 85 லட்சமாக எகிறியது. தொலைக்காட்சிக்கு நிகராக நாங்களும் இருக்கிறோம் என்று விளம்பரதாரர்களிடம் காட்டுவதற்கான எண்ணிக்கை அது. விளம்பரம் திரும்பி வரவில்லை. அந்த 85 லட்சம் பிரதிகளை அச்சிட்டு, தபாலில் அனுப்பும் செலவு மட்டும் தங்கியது. தபால் கட்டணமும் ஏறிக்கொண்டே போனது. 1971 அக்டோபரில் ‘லுக்’ நின்றபோது அதற்கு 60 லட்சத்துக்கு மேல் விற்பனை. 1972 டிசம்பர் 29 இதழோடு ‘லைஃப்’ வாரப் பத்திரிகை நின்றபோது அதற்கு இன்னும் சுமார் 55 லட்சம் வாசகர்கள் இருந்தார்கள். இணையம் மக்கள் கைக்கு வர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

அந்த 55 லட்சம் பேர் எங்கும் ஓடிவிடவில்லை. அவர்கள் கொடுத்த காசு பத்திரிகையின் உயிரைப் பிடித்துவைக்கும் அளவுக்கு இல்லை. காலம் காலமாக மலிவு விலைக்குப் பழக்கப்படுத்தப்பட்டவர்கள் அவர்கள், பழக்கியவர்கள் பத்திரிகைக்காரர்கள்.

‘நியூஸ்வீக்’ அதே வழியில் நாற்பது ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது. இம்முறை தொலைக்காட்சியின் இடத்தில் கூகுளும் ஃபேஸ்புக்கும். 2010-இல் வாஷிங்டன் போஸ்ட் நிறுவனம் அதை ஒரே ஒரு டாலருக்கு, கடன் பொறுப்புகளோடு சேர்த்து, சிட்னி ஹார்மன் என்ற தொழிலதிபரிடம் கொடுத்தது. 2012 டிசம்பர் 31 தேதியிட்ட இதழ் கடைசி அச்சுப் பிரதி என்று அறிவிக்கப்பட்டது. அதன் அட்டையில் நியூயார்க் அலுவலகக் கட்டடத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதன் மேல், ட்விட்டர் பாணி ஹேஷ்டேக்காக, கடைசி அச்சு இதழ் என்ற வாசகம்.

கதை அதோடு முடியவில்லை. பத்திரிகை கைமாறி, 2014 மார்ச்சில் அச்சுக்குத் திரும்பியது. பிட்காயினை உருவாக்கியவரைக் கண்டுபிடித்துவிட்டதாக ஓர் அட்டைப்படக் கட்டுரையோடு வந்து பெரும் சர்ச்சையில் சிக்கியதுதான் பரவலாகப் பேசப்பட்டது. கவனிக்க வேண்டியது வேறு. ஒரு காலத்தில் 30 லட்சத்துக்கு மேல் விற்ற இதழ், இப்போது 70 ஆயிரம் பிரதிகள். விலை 7.99 டாலர். விளம்பரத்தை நம்பியிருந்த இதழ், இனி வாசகர் பணத்தில்தான் முக்கியமாக ஓடப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தது.

‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இன்னொரு வழியில் போனது. 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 20 லட்சம் சந்தாக்கள் இருந்த இதழ், 2022 முடிவில் 18 லட்சத்துக்குள் வந்துவிட்டது. 2023-இல் மிச்சமிருந்த நிரந்தரக் கட்டுரையாளர்களையும் வீட்டுக்கு அனுப்பியது. அந்த ஆண்டோடு அமெரிக்கக் கடை விற்பனையையும் நிறுத்தியது. இனி சந்தாதாரருக்கு மட்டும்தான்.

இவற்றோடு ஒப்பிட, லண்டனிலிருந்து வரும் ‘பிரைவேட் ஐ’ பார்க்கவே எளிமையானது. மட்டமான காகிதம், நெருக்கியடித்த பத்திகள், அட்டையில் ஒரு செய்திப் புகைப்படமும் அதிலிருப்பவர்கள் பேசுவதுபோல் கேலி வசனமும். 1961 முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. 1986 முதல் இயன் ஹிஸ்லாப் ஆசிரியர். இணையதளம் உண்டு, ஆனால் இதழில் வருவதில் மிகச் சிறிய பகுதிதான் அங்கே கிடைக்கும். படிக்க வேண்டுமானால் காசு கொடுத்துக் காகிதத்தை வாங்க வேண்டும். உலகமெங்கும் பத்திரிகைகள் எல்லாவற்றையும் இலவசமாக இணையத்தில் கொட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளில் இந்தப் பிடிவாதம் பழங்காலத்துத்தனமாகத் தெரிந்திருக்கும். 2016 கிறிஸ்துமஸ் இதழ் 2,87,334 பிரதிகள் விற்றது. பத்திரிகையின் 55 ஆண்டு வரலாற்றில் அதுவே உச்சம்.

மக்கள் எதற்காகக் காசு கொடுக்கிறார்கள்? வேறெங்கும் கிடைக்காத செய்திக்காக. பிரிட்டனின் தபால் துறையில், கணினி மென்பொருளின் கோளாறால் கணக்கில் பணம் குறைவதாகக் காட்ட, நூற்றுக்கணக்கான கிளை அஞ்சலக நடத்துநர்கள் திருடர்களாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். நாட்டையே உலுக்கிய அந்த அநீதியை 2009-இல் முதலில் வெளிக்கொண்டுவந்தது ‘கம்ப்யூட்டர் வீக்லி’ என்ற தொழில்நுட்ப வார இதழ். 2011 முதல் அதைக் கைவிடாமல் தொடர்ந்து எழுதியது ‘பிரைவேட் ஐ’. பெரிய நாளிதழ்கள் எட்டிப் பார்க்காத ஆண்டுகள் அவை.

அந்த வாசகர்களின் பிடிப்பு புதிதல்ல. 1976-இல் ஜேம்ஸ் கோல்ட்ஸ்மித் என்ற கோடீஸ்வரர் ‘பிரைவேட் ஐ’ மீது அறுபதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகளைத் தொடுத்தார். பத்திரிகையோடு நிற்காமல், அதைக் கடைகளுக்குக் கொண்டுபோகும் விநியோகஸ்தர்கள் மீதும் தொடுத்தார். எங்கே அடித்தால் ஒரு பத்திரிகை விழும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வழக்குச் செலவுக்கு ஒரு நிதி திறக்கப்பட்டது. வாசகர்கள் காசு அனுப்பினார்கள். பத்திரிகை பிழைத்தது.

பாரிஸின் ‘ல கனார் ஆன்ஷெனே’ இன்னும் ஒரு படி மேலே. 1915-இல் தொடங்கிய இந்தப் புதன்கிழமை வார இதழ் எட்டே பக்கம். ஒரு விளம்பரம்கூடக் கிடையாது. 2017 ஜனவரியில், அதிபர் தேர்தலில் முன்னணியில் இருந்த ஃபிரான்சுவா ஃபியோன் தன் மனைவியை நாடாளுமன்ற உதவியாளராகக் காட்டி அரசுப் பணம் பெற்றதை அது வெளியிட்டது. அவர் முதல் சுற்றிலேயே வெளியேறினார். அந்தச் செய்தியை முழுதாகப் படிக்க அன்றைய பிரெஞ்சுக்காரர் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. 2020 ஊரடங்கில் கடைகள் அடைபட்ட பிறகுதான் இதழின் மின்பிரதியையே அது வாசகருக்குத் தந்தது.

இந்த இரண்டு உதாரணங்களை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா அச்சு இதழ்களும் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்வது நேர்மையாகாது. நையாண்டிக்கும் துப்புத்துலக்கலுக்கும் இருக்கும் விசுவாசம் சமையல் குறிப்புக்கோ சினிமாத் துணுக்குக்கோ இருக்காது. அவை கைபேசியில் நொடிக்கு நொடி இலவசமாக வருகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல் விலை. வாசகர் காசிலேயே ஓட வேண்டுமென்றால் விலை ஏற வேண்டும். ஏறினால் முதலில் விலகுகிறவர் காசில்லாத வாசகர்.

தமிழ்நாட்டில் இது பெரிய இழப்பு. இங்கே வார இதழ் என்பது ஒரு வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுக்குப் போய், சலூனில் கிடந்து, வாடகை நூலகத்தில் சுற்றி, கடைசியில் பொட்டலமாகும்வரை படிக்கப்பட்ட பொருள். தொடர்கதைப் பக்கங்களை வாரா வாரம் பின் கழற்றி எடுத்து, வரிசையாக அடுக்கி, கதை முடிந்ததும் காலிகோ அட்டை போட்டு பைண்ட் செய்துவைத்த வீடுகள் ஏராளம். அப்படிப் பைண்ட் செய்த ‘பொன்னியின் செல்வன்’ இன்றும் பல பரண்களில் இருக்கிறது. பக்கத்தின் ஒரு புறம் மணியத்தின் வந்தியத்தேவன். திருப்பினால் அந்த வருடத்துத் தலைவலி மாத்திரை விளம்பரம். வாரப் பத்திரிகையின் வரவு செலவு முழுவதும் அந்த ஒரு தாளின் இரண்டு பக்கங்களிலும் இருக்கிறது.

அந்தத் தொடரை 1950 முதல் 1954 வரை வெளியிட்ட ‘கல்கி’ தொடங்கப்பட்டதே விளம்பரப் பணத்தில் அல்ல. விகடனிலிருந்து விலகிய கல்கி கிருஷ்ணமூர்த்தியும் சதாசிவமும் 1941-இல் புதிய பத்திரிகை தொடங்க முதல் தேவைப்பட்டபோது, சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக வேடமிட்டார். அந்தச் சம்பளம் பத்திரிகைக்கு முதலானது.

எழுபத்தொன்பது வருடம் கழித்து அந்தப் பத்திரிகையின் அச்சு நின்றதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. 2019 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதிக் காகிதத்துக்கு, பத்திரிகைகள் பயன்படுத்தும் மெல்லிய பளபளப்புத் தாள் உட்பட, 10 சதவீத சுங்க வரி விதிக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் அது 5 ஆகக் குறைந்தது. அடுத்த மாதமே ஊரடங்கு. பார்சல் ஏற்ற பேருந்து இல்லை, ரயில் இல்லை. கட்டைப் பிரிக்க ஏஜெண்ட் இல்லை. தொங்கவிடப் பெட்டிக்கடை திறக்கவில்லை. ‘கல்கி’ இணையத்துக்குப் போய்விட்டது. காகிதத்துக்கு வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டாம் என்றுதான் 1979-இல் தமிழக அரசு கரூர் அருகே ஆலையே நிறுவியது. கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் தயாரித்த அந்த ஆலையும் லாபம் பார்த்து எழுதும், அச்சிடும் காகிதத்துக்கு மாறிவிட்டது. பெயரில் மட்டும் இன்றும் செய்தித்தாள் காகிதம் இருக்கிறது.

எண்ணிக்கையைத் துரத்தாமல் நடத்த முடியுமா என்ற கேள்விக்குத் தமிழில் முன்னுதாரணங்கள் உண்டு. சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ தொடங்கியபோது, 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். ‘லைஃப்’ பிரதிகளைப் பெருக்கித் திணறிய அதே பத்தாண்டில்தான் ‘எழுத்து’ சிலநூறு சந்தாதாரர்களோடு வந்து தமிழ்ப் புதுக்கவிதைக்குக் களமானது. செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்ததும், கைப்பணத்தைக் கரைத்ததும் அந்தக் கணக்கின் மறுபக்கம். இன்னொரு தனிமனிதர் அப்படிக் கரைய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. 1970 ஜனவரியில் சோ தொடங்கிய ‘துக்ளக்’ நடுவழி ஒன்றைக் காட்டியது. பொங்கல் சமயத்தில் சென்னையில் நடக்கும் அதன் ஆண்டு விழாவில் வாசகர்கள் எழுந்து ஆசிரியரிடமே கேள்வி கேட்பார்கள். தன்னைக் கேள்வி கேட்க உரிமையுள்ளவர் என்று பத்திரிகை ஒப்புக்கொள்ளும் வாசகர்தான் விலை ஏறினாலும் கூட வருகிறார்.

தமிழ் வார இதழ்கள் இன்று வாசகரிடம் அதிக விலை கேட்பதற்கு முன், வேறெங்கும் கிடைக்காத ஒன்றை அந்தப் பக்கங்களில் வைக்க வேண்டும். மாவட்டச் செய்தியாளருக்கு ஒரே விஷயத்தின் பின்னால் மூன்று மாதம் அலைய அவகாசமும் சம்பளமும் தர வேண்டும். செலவுதான். ஆனால் எந்தப் பக்கத்தில் செலவழிப்பது என்ற முடிவு ஆசிரியர் கையில் இருக்கிறது. காகித விலையும் விளம்பர விலையும் அவர் கையில் இல்லை.

அப்படித் தயாரான இதழ் சந்தாதாரர் வீட்டுக்கு எப்படிப் போகிறது என்பது தனிக் கதை. பதிவு பெற்ற பத்திரிகை 50 கிராமுக்குள் இருந்தால் 25 பைசாவில் நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம் என்ற சலுகை இந்தியத் தபால் துறையில் நெடுங்காலம் இருந்தது. அவ்வளவு மலிவான வழி இருந்தும் நம் பத்திரிகைகள் ஏன் கடை விற்பனையையே நம்பின, விற்காமல் திரும்பிவரும் பிரதிகள் அவற்றை எப்படித் தின்றன என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)