வெள்ளி மட்டும் ஏன் தப்புது?

நுரைச்சோலை நிலக்கரி மின்நிலைய வீடியோவுக்குக் கீழ ஒரே கேள்விதான் வந்துகொண்டே இருக்கு. கூடங்குளம் அணு உலை எங்கட கற்பிட்டிக்கு நேர்கோட்டில 225 கிலோமீற்றர் அளவுதானே, இந்தப் புது "உருகாத எரிபொருளை" அங்க போட்டா என்ன?

போட ஏலாது. கூடங்குளத்தில ஓடுறது தண்ணி உலை. சேர்க்கோனியக் கலப்புக் குழாய்க்குள்ள யுரேனியம் டயொக்சைட் வில்லைகள். நீங்க கேக்கிறது ட்ரைசோ. அது வேற உலைக்கு. சீனாவில ஷிதாவோ விரிகுடா உலை 2023 டிசம்பர்ல வர்த்தக ரீதியா ஓடத் தொடங்கினது இதைப் போட்டுத்தான்.

ஒரு ட்ரைசோ துணிக்கை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. நடுவில யுரேனியம், சுத்தி நுண்துளைக் காபன், பிறகு இறுக்கமான காபன், பிறகு சிலிக்கன் காபைட், ஆகக் கடைசியா இன்னொரு காபன் ஓடு. சிலிக்கன் காபைட் 35 மைக்ரோமீற்றர் அளவுதான். 1,600 பாகை செல்சியஸிலயும் சீசியத்தையும் அயடீனையும் பிடிச்சு வைக்கிற வேலை பெரும்பாலும் இதுட தலையிலதான். "உருகாது" எண்டு விளம்பரம் பண்றவங்க இதோட நிப்பாட்டிடுவாங்க.

ஆனா துணிக்கைக்குள்ள உண்டாகிற வெள்ளி வெளிய வருது. கதிர்வீசுற வெள்ளி-110எம், அரைவாழ்வு 250 நாள் அளவு. ஓட்டில ஒரு வெடிப்பும் இல்ல, ஆனாலும் வருது. 1970கள்ல இருந்து ஆராய்ச்சிக்காரங்களுக்கு இது தலையிடி.

ஏன் எண்டு விளங்க, பாலாவி உப்பளத்துக் கட்டி உப்பு ஒண்டை வெயிலுக்குப் பிடிச்சுப் பாருங்க. ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிக்கும். தட்டினா முதல்ல விடுறது ஒட்டின இடம். சிலிக்கன் காபைட் ஓடும் அப்படித்தான், கோடிக்கணக்கான படிக மணிகள். மணிக்குள்ளால வெள்ளி அணு நகர்றது மகா மெதுவு, கணக்குக்கே கட்டாது. ஒட்டின இடத்தாலதான் போகுது.

அந்த ஒட்டின இடமும் எல்லாம் ஒரே மாதிரி இல்ல. ரெண்டு மணியும் கண்ணாடி விம்பம் மாதிரி பொருந்தி நிண்டா, சிக்மா-3 எண்டு சொல்ற எல்லை, அணுக்கள் நெருக்கமா இருக்கும், வெள்ளிக்கு வழி குறைவு. கோணம் தாறுமாறா இருந்தா இடைவெளி கூட, ஓட்டமும் கூட. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில இசபெலா ஷ்லுஃபார்ஸ்கா குழு கணினியில போட்டுப் பாத்ததும் இதைத்தான் சொல்லுது. அமெரிக்காவில 2006இல இருந்து 2009 வரைக்கும் உலைக்குள்ள வைச்ச ஏஜிஆர்-1 சோதனைத் துணிக்கைகளை எடுத்துப் பாத்தா, மணி எல்லையிலயே வெள்ளியும் பலேடியமும் உக்காந்திருக்கு. ஒரே சோதனையில சில துணிக்கை வெள்ளியை முழுசாப் பிடிச்சு வைச்சிருக்கு, சிலது கிட்டத்தட்ட எல்லாத்தையும் விட்டிருக்கு. எந்த எல்லையால எவ்வளவு போகுது எண்டதில ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள இன்னும் சண்டைதான். எனக்கு அதில ஆச்சரியம் இல்ல. ஓட்டிட தடிப்பை அளக்கிறது லேசு, ஒட்டின இடத்தை அளக்கிறதுதான் பாடு.



நேரம் முடியுது, வேகமாச் சொல்றன். இப்படி வெளிய வாற வெள்ளி ஊருக்கு வாறதை விட, உலைக்குள்ளயே குளிரான உலோகத்தில, வெப்பமாற்றியில போய்ப் படியும். அடி படுறது திருத்த வேலைக்குப் போற ஆக்களுக்கு. இலங்கையில சின்ன அணு உலை எண்டு யாராவது கொண்டு வந்தா "உருகுமா?" எண்டு மட்டும் கேட்டு விடாதீங்க. எரிபொருள் எத்தனை பாகையில ஓடும் எண்டு கேளுங்க, சூடு கூடினா வெள்ளி ஓட்டமும் கூடும். வெள்ளி எவ்வளவு விட்டது எண்டு துணிக்கை துணிக்கையா அளந்த தரவைக் கேளுங்க, சராசரியை மட்டும் காட்டினா ஏத்துக்காதீங்க. சிலிக்கன் காபைட்டை எந்தச் சூட்டில படிய வைச்சாங்க எண்டும் கேளுங்க. மணியோட அளவும் வடிவும் பெரும்பாலும் அங்கதான் தீர்மானமாகுது, ஒட்டின இடமும் அங்கதான் பிறக்குது. திருத்த வேலைக்காரருக்கு வருசத்துக்கு எவ்வளவு கதிர் எண்டு எழுத்தில வாங்குங்க. மிச்சக் கேள்வியைக் கீழ போடுங்க.