கவர்னர் கையெழுத்து: யாருடைய முடிவு, எத்தனை நாள்?

2016 ஜூலையில் நவி மும்பையில் உள்ள வாஷி ஏ.பி.எம்.சி. மார்க்கெட்டின் காய்கறி, பழ மொத்த வியாபாரிகள் கடையடைத்தார்கள். காரணம் ஓர் அவசரச் சட்டம். மராத்திப் பத்திரிகைகள் அதை ‘அத்யாதேஷ்’ என்று எழுதின. காய்கறியையும் பழத்தையும் மார்க்கெட் கமிட்டியின் பிடியிலிருந்து அது விடுவித்தது. விவசாயி தன் சரக்கை மார்க்கெட்டுக்கு வெளியேயும் விற்கலாம், கமிஷனை விவசாயியிடம் பிடிக்கக் கூடாது என்பது ஏற்பாடு. சட்டத்தின் கீழே இருந்த கையெழுத்து மகாராஷ்டிர கவர்னர் சி. வித்யாசாகர் ராவுடையது.

‘மலபார் ஹில் மாளிகையில் உட்கார்ந்துகொண்டு கவர்னர் ஒரு கையெழுத்தில் மார்க்கெட்டையே மூடிவிட்டாரே’ என்று அப்போது பலர் பேசினார்கள். இன்றும் நம்மில் பெரும்பாலோர் கவர்னரைப் பற்றி நினைப்பது இதைத்தான். கையெழுத்து போட்டவர்தான் முடிவெடுத்தவர் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த முடிவு தேவேந்திர பட்னாவிஸ் அமைச்சரவையுடையது. சட்டசபை கூடாத நாட்களில் அவசரச் சட்டம் போட அரசியலமைப்பின் 213-ஆவது பிரிவு கவர்னருக்கு இடம் தருகிறது. ஆனால் அமைச்சரவை கேட்டுத்தான் அவர் போட முடியும். சபை மறுபடி கூடி ஆறு வாரம் ஆவதற்குள் அது முறையான சட்டமாக நிறைவேறாவிட்டால் காலாவதியாகிவிடும்.

கவர்னரைப் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் நான் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வேன். முடிவு யாருடையது? அதற்கு எத்தனை நாள் ஆயிற்று? முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் சுலபம். தகராறு முழுக்க இரண்டாவதில்தான் இருக்கிறது.

முதலில் சுலபமானதைப் பார்த்துவிடலாம். ஜனாதிபதியும் கவர்னரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர்கள். 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. ஜனாதிபதி விஷயத்தில் 1976-இன் 42-ஆவது திருத்தம் இதை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. 1978-இன் 44-ஆவது திருத்தம் ஒரு சிறு சலுகை கொடுத்தது. ‘மறுபடி யோசியுங்கள்’ என்று ஒரு முறை திருப்பி அனுப்பலாம். அதே ஆலோசனை திரும்பி வந்தால் ஏற்றாக வேண்டும்.

இந்த ஒரு முறையை அற்பமாக நினைக்க வேண்டாம். 1997-இல் உத்தரப் பிரதேசத்தில் ஜனாதிபதி ஆட்சி கொண்டுவர குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தபோது கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை பின்வாங்கியது. 2006-இல் ஆதாயப் பதவி மசோதாவை அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதை அப்படியே மீண்டும் நிறைவேற்றியது, கலாம் கையெழுத்திட்டார். ஆனால் 1986-இல் நிறைவேறிய அஞ்சல் மசோதாவை ஜெயில் சிங் திருப்பி அனுப்பவும் இல்லை, கையெழுத்திடவும் இல்லை. மேஜையிலேயே வைத்திருந்தார். அது சட்டமாகவே ஆகவில்லை. கெடு எழுதப்படாத இடத்தில் சும்மா இருப்பதே பெரிய அதிகாரமாகிவிடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டு பதவிகளும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றினாலும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் உண்டு. ஜனாதிபதியை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 தேர்தலில் மகாராஷ்டிர எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 175; தமிழ்நாட்டில் 176. 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு இது. ஐந்து வருடம் முடியுமுன் அவரை நீக்க நாடாளுமன்றம் பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். கவர்னரையோ யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மத்திய அரசு நியமிக்கிறது, வேண்டாமென்றால் மாற்றிவிடுகிறது. ஆனால் ‘தன் விருப்புரிமைப்படி’ என்ற சொற்களை 163-ஆவது பிரிவு கவர்னருக்குத்தான் கொடுத்திருக்கிறது. ஜனாதிபதிக்கு அப்படியொரு வரி கிடையாது. டெல்லியின் தயவில் பதவியில் இருப்பவரிடம் மாநில அரசின் மேல் சொந்த முடிவெடுக்கும் இடத்தைக் கொடுத்ததுதான் இத்தனை வருடச் சிக்கலின் வேர் என்பது என் கருத்து.

அந்தச் சொந்த முடிவு எப்போது தேவைப்படும்? யாருக்குப் பெரும்பான்மை என்பது தெளிவில்லாதபோது. 2017 பிப்ரவரியை வாஷித் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேலே சொன்ன அதே வித்யாசாகர் ராவ்தான் அப்போது தமிழ்நாட்டுக்கும் பொறுப்பு கவர்னர். பிப்ரவரி 5-ஆம் தேதி முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் ராஜினாமா செய்தார். அன்றே சசிகலா அ.தி.மு.க. சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்வானார். கவர்னர் சென்னை வந்து சேர்ந்தது 9-ஆம் தேதி. தமிழ்நாடே நம் ஊர் மலபார் ஹில்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் யாருக்கும் பதவிப் பிரமாணம் செய்து வைக்காமல் இருக்கும்போதே 14-ஆம் தேதி சொத்துக்குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து சசிகலா சிறை செல்ல நேர்ந்தது. 16-ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி முதல்வரானார். காத்திருந்தது விவேகம் என்பார்கள் சிலர், திட்டம் என்பார்கள் சிலர். எப்படிச் சொன்னாலும் அந்தச் சில நாட்கள் ஒரு மாநிலத்தின் முதல்வர் யார் என்பதையே மாற்றிவிட்டன.

தாமதத்துக்கு நேர்மாறானதை மும்பையே 2019-இல் பார்த்தது. அக்டோபர் 24-ஆம் தேதி வந்த தேர்தல் முடிவில் 288 இடங்களில் பா.ஜ.க.வுக்கு 105, சிவசேனைக்கு 56, தேசியவாத காங்கிரசுக்கு 54, காங்கிரசுக்கு 44. யாரும் ஆட்சியமைக்காததால் நவம்பர் 12-ஆம் தேதி ஜனாதிபதி ஆட்சி வந்தது. பிறகு பா.ஜ.க. தவிர்த்த மற்ற மூன்று கட்சிகள் கைகோத்து உத்தவ் தாக்கரேயை முதல்வராக்கத் தயாராகிக்கொண்டிருந்தன. நவம்பர் 23 விடியற்காலை 5.47-க்கு ஜனாதிபதி ஆட்சி விலக்கப்பட்டது. எட்டு மணி அடிப்பதற்குள் பட்னாவிஸ் முதல்வராகவும் அஜித் பவார் துணை முதல்வராகவும் கவர்னர் பகத்சிங் கோஷியாரி முன் பதவியேற்றுவிட்டார்கள். ஜனாதிபதி ஆட்சியை விலக்க மத்திய அமைச்சரவைகூடக் கூடவில்லை. மிக அவசரமான நேரத்தில் பிரதமர் மட்டுமே முடிவெடுக்க இடம் தரும் அலுவல் விதி ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அந்த அவசரத்துக்கு உச்ச நீதிமன்றம் கெடுவைக் கொண்டே பதில் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை வழக்கை விசாரித்து, 26-ஆம் தேதி உத்தரவிட்டது: மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் சபையில் பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டும், வெளிப்படையான ஓட்டு, நேரடி ஒளிபரப்பு. அன்றைக்கே பட்னாவிஸ் ராஜினாமா செய்தார். 28-ஆம் தேதி சிவாஜி பார்க்கில் உத்தவ் பதவியேற்றார்.

‘பெரும்பான்மையைச் சபையில்தான் எண்ண வேண்டும், கவர்னர் மாளிகையில் எண்ணக் கூடாது’ என்ற விதி 1994-இன் எஸ்.ஆர். பொம்மை தீர்ப்பிலிருந்து வருவது. அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு 1980 பிப்ரவரி 17 போதும். அந்த ஒரே நாளில் ஒன்பது மாநில அரசுகள் கலைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசும் மகாராஷ்டிரத்தில் சரத் பவார் அரசும் அதில் அடக்கம். 1991 ஜனவரியில் கருணாநிதி அரசைக் கலைக்க கவர்னர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்தும்கூட கலைப்பு நடந்தது. ‘கவர்னர் அறிக்கை மூலமோ வேறு விதமாகவோ’ என்று 356-ஆவது பிரிவில் இருக்கும் சொற்களே அதற்குப் போதுமானதாக இருந்தன. டெல்லியை மீறி நேர்மையாக நின்ற ஒரு கவர்னராக பர்னாலாவை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். இப்போது அப்படி எளிதாகக் கலைக்க முடியாது. நீதிமன்றம் காரணத்தைக் கேட்கும்.

கேட்டாலும் நேரம் கடந்திருந்தால் பலன் இல்லை. 2022 ஜூன் 28-ஆம் தேதி, ஏக்நாத் ஷிண்டே சிவசேனையில் தனி அணியாகப் பிரிந்துபோன பிறகு, 30-ஆம் தேதி பெரும்பான்மையை நிரூபிக்கும்படி உத்தவுக்கு கோஷியாரி கடிதம் அனுப்பினார். உச்ச நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்ததும் 29-ஆம் தேதி இரவே உத்தவ் விலகினார். 2023 மே 11-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அப்படி நிரூபிக்கச் சொல்ல கவர்னரிடம் தகுந்த ஆதாரம் இல்லை, ஒரு கட்சியின் உள்சண்டையைத் தீர்க்க சபை வாக்கெடுப்பு கருவி ஆகாது என்றது. ஆனால் வாக்கெடுப்பைச் சந்திக்காமலே உத்தவ் ராஜினாமா செய்துவிட்டதால் பழைய அரசைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றும் சேர்த்தே சொன்னது. கவர்னர் செய்தது தவறு என்று தெரிய ஏறத்தாழ பத்தரை மாதம். அதற்குள் ஷிண்டே தலைமையில் வேறு அரசு நிலைகொண்டுவிட்டது.

மசோதாக்களின் கதையும் இதே கடிகாரத்தில்தான் ஓடுகிறது. சட்டசபை நிறைவேற்றியதற்கு கவர்னர் ஒப்புதல் தரலாம், ஜனாதிபதிக்கு அனுப்பலாம், குறிப்போடு சபைக்குத் திருப்பலாம். சபை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்கக் கூடாது என்கிறது 200-ஆவது பிரிவு. எத்தனை நாளில் என்று அதில் இல்லை. தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களை அப்போதைய கவர்னர் ஆர்.என். ரவி 2023 நவம்பரில் திருப்பினார். சட்டசபை அதே மாதம் 18-ஆம் தேதி மீண்டும் நிறைவேற்றியது. அவர் அவற்றை ஜனாதிபதிக்கு அனுப்பிவைத்தார். 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அது செல்லாது என்று சொல்லி, அந்தப் பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. கவர்னருக்கும் ஜனாதிபதிக்கும் மாதக் கணக்கில் கெடுவும் விதித்தது. அதன்மேல் ஜனாதிபதி திரௌபதி முர்மு பதினான்கு கேள்விகளை உச்ச நீதிமன்றத்திடம் வைத்தார். நவம்பர் 20-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் தந்த கருத்து: நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ‘ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது’ அரசியலமைப்பில் இல்லை. ஆனால் கவர்னர் காரணமில்லாமல் நீண்ட காலம் சும்மா வைத்திருந்தால், நியாயமான காலத்துக்குள் ஏதாவதொரு முடிவெடுக்கும்படி மட்டும் நீதிமன்றம் சொல்லலாம்.

‘நியாயமான காலம்’ என்ற சொல் மும்பைக்குப் புதிதல்ல. மகாராஷ்டிர மேல்சபையின் 78 இடங்களில் 12 கவர்னர் நியமனம். இலக்கியம், கலை, அறிவியல், கூட்டுறவு, சமூக சேவையில் அனுபவம் உள்ளவர்களுக்கானவை. 2020 நவம்பரில் உத்தவ் அமைச்சரவை 12 பெயர்களை அனுப்பியது. கோஷியாரி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம், நியாயமான காலத்துக்குள் முடிவெடுப்பது கவர்னரின் கடமை, எட்டு மாதம் போதுமான அவகாசம் என்று சொன்னது. கவர்னர் தன் பதவிக் கடமைக்காக நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்ற பாதுகாப்பு இருப்பதால் அதற்கு மேல் உத்தரவிடவில்லை. இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் பட்டியல் அப்படியே கிடந்தது. ஆட்சி மாறி, 2022 செப்டம்பரில் ஷிண்டே அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 15-ஆம் தேதி, சட்டசபைத் தேர்தல் அறிவிப்பு வந்த அதே நாளில், புதிய அரசு பரிந்துரைத்த ஏழு பேர் நியமன உறுப்பினர்களாகப் பதவியேற்றார்கள். அப்போது கவர்னராக இருந்தவர் திருப்பூர்க்காரரான சி.பி. ராதாகிருஷ்ணன்.