புலித்தோலில் விழும் ஓட்டை: குண்டைப் பொறுத்தா, சுடுபவரைப் பொறுத்தா?

லிட்டில் இந்தியாவின் சாமிப் படக்கடைகளில் சிவபெருமான் அமர்ந்திருக்கும் புலித்தோலைப் பார்த்திருப்பீர்கள். தலை முதல் வால் வரை ஒரு கீறலும் இருக்காது. வேட்டையில் கிடைத்த நிஜத் தோல் அப்படி இருப்பது அரிது. குண்டு உள்ளே போன இடம் ஒன்று, வெளியே வந்த இடம் இன்னொன்று என்று குறைந்தது இரண்டு ஓட்டைகளாவது பெரும்பாலும் இருக்கும்.

தோலைக் கெடுக்காமல் விலங்கைச் சுடுவது எப்படி என்பது வேட்டைக்காரர்களின் பழைய தலைவலி. அமெரிக்காவில் கொயோட்டி எனப்படும் ஓநாய் இன விலங்கை ரோமத் தோலுக்காகச் சுடுபவர்கள் இன்றும் அதற்கென்றே தனிக் குண்டு தேடுகிறார்கள். சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் அந்தக் கேள்வி இருந்தது. இங்கே விலங்கு புலி.

கம்பீர், மிளகுத் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிக்கப்பட்டபோது, தோட்டத் தொழிலாளர்களும் புலிகளும் நேருக்கு நேர் வந்தனர். புலி தாக்கிய செய்திகள் 1831லேயே பத்திரிகையில் வந்துவிட்டன. 1835ல் அரசாங்கக் கட்டடக் கலைஞர் கோல்மன் சாலை அமைக்க நிலம் அளந்துகொண்டிருந்தபோது, ஒரு புலி பாய்ந்து அவரது அளவைக் கருவியைத் தள்ளி உடைத்தது. ஜெர்மானிய ஓவியர் லாய்ட்டமான் பின்னர் வரைந்த புகழ்பெற்ற படத்தில் கோல்மனைச் சுற்றிச் சிதறி விழுபவர்கள், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். நம் முன்னோர் இந்தத் தீவின் புலிக் கதைக்குள் வருவது அந்தக் கோலத்தில்தான்.

புலியைக் கொன்றால் அரசாங்கம் பரிசுப் பணம் கொடுத்தது. அதோடு தோலையும் இறைச்சியையும் விற்கலாம். எனவே தோல் முழுதாகக் கிடைத்தால் லாபம். இதற்குத் துப்பாக்கியைவிடக் குழியே கைகொடுத்தது. புலி நடமாடும் தடத்தில் ஆழமாகக் குழி தோண்டி, மேலே இலை தழைகளைப் பரப்பி வைப்பார்கள். விழுந்த புலி ஏற முடியாமல் கிடக்கும்போது, மேலே நின்று அவசரமின்றிக் குறிபார்க்கலாம். ஓடும் புலியைப் பல முறை சுட்டுத் தோலைச் சல்லடையாக்க வேண்டியதில்லை.

1850களின் இறுதியில் இந்தியக் கைதிகளும் குழுக்களாகப் புலி வேட்டைக்கு அனுப்பப்பட்டனர். அக்காலத்தில் பரவலாக இருந்த பழைய மஸ்கட் துப்பாக்கியின் குழாய் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. உள்ளே வரி இல்லாத வழவழப்பான குழாய் என்பதால் நூறு மீட்டருக்கு அப்பால் குறி தவறுவது சகஜம். அதிலிருந்து பாயும் ஈய உருண்டை ஒரு பெருவிரல் அகலத்துக்குத் தோலைப் பிய்த்துவிடும். அப்படிப்பட்ட துப்பாக்கியை வைத்துக்கொண்டு காட்டுக்குள் புலியைத் தேடிப் போனவருக்குத் தோலைப் பற்றிய கவலை இருந்திருக்காது.

குண்டு தோலை எப்படிக் கெடுக்கிறது என்பதை இன்றைய ரைஃபிளை வைத்துப் புரிந்துகொள்வது எளிது. வேகமாகப் போகும் குண்டு உள்ளே நுழையும்போது தன் அகலத்துக்குத்தான் ஓட்டை போடும். சேதம் பெரும்பாலும் வெளியேறும் பக்கத்தில்தான். ஈயத்தை முழுவதும் செம்பு உறையால் மூடிய குண்டு வடிவம் மாறாமல் ஊடுருவிச் செல்லும். இரண்டு பக்கமும் சிறிய ஓட்டைதான். ஆனால் உள்காயம் சிறிதென்றால் விலங்கு உடனே சாகாமல் ஓடிவிடும். முனையில் ஈயம் வெளியே தெரியும் குண்டு உடலுக்குள் காளான்போல் விரிந்து, விரைவில் உயிரைப் பறிக்கும். அது மறுபக்கம் வெளியேறினால் அங்கே தோல் கிழிந்துபோகும்.

இந்த விரியும் குண்டின் கதையில் இந்தியாவுக்கும் பங்குண்டு. கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் செய்யப்பட்டதால்தான் அதற்கு ‘டம்டம் குண்டு’ என்ற பெயர் வந்தது. காயம் மிகக் கொடூரமாக இருப்பதாகக் கூறி, போரில் அத்தகைய குண்டுகளைப் பயன்படுத்துவதற்கு 1899 ஹேக் மாநாடு தடை விதித்தது. வேட்டையில் நிலைமை நேர்மாறு. மான் போன்ற விலங்குகள் துடித்துச் சாகக்கூடாது என்பதற்காக, விரியும் குண்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது.

கொயோட்டி வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்தது மூன்றாவது வழி. மிக மெல்லிய உறை கொண்ட சின்னஞ்சிறு குண்டு. 1971ல் வந்த ‘.17 ரெமிங்டன்’ தோட்டாவின் குண்டு 4.4 மில்லிமீட்டர் அகலமும் ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிக எடையும் கொண்டது. வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர். அது நுழையும் இடம் ரோமத்துக்குள் மறைந்துவிடும். உள்ளே போனதும் குண்டு பொடிப்பொடியாகச் சிதறி, நுரையீரலைச் சிதைத்து அங்கேயே நின்றுவிடும். வெளியேறும் ஓட்டையே இராது.

ஆனால் அதே குண்டு தோள் எலும்பில் பட்டால் மேலேயே வெடித்துச் சிதறி, உள்ளங்கை அகலத்துக்குத் தோலை நாசமாக்கிவிடும். வெகு தொலைவில் வேகம் குறைந்துபோனால் சிதறாமலும் போகலாம். ஆகவே அனுபவசாலிகள், விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது தோளுக்குச் சற்றுப் பின்னால், விலா எலும்புகளுக்கு இடையே சுடவேண்டும் என்பார்கள். அதற்கு வாய்ப்பில்லை என்றால் சுடாமல் விடுவதே நல்லது. பாதி விடை குண்டில், மீதி விடை சுடுபவரின் பொறுமையில்.

இந்த உத்தி புலிக்குப் பொருந்தாது. கொயோட்டியின் எடை பெரும்பாலும் 20 கிலோவுக்குள். புலியோ நூறு கிலோவைத் தாண்டும். ஒன்றரை கிராம் குண்டு புலியின் தசையிலேயே சிதறிப்போகும். தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிச் சுட்ட கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது ‘.405 வின்செஸ்டர்’. அதன் குண்டு சுமார் 19 கிராம்.

புலி காயத்தோடு தப்பினால் என்ன ஆகும்? 1907ல் குமாவோன் மலைப்பகுதியில் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலியின் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. யாரோ முன்பு சுட்ட குண்டின் காயம் அது என்றும், இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களைத் தாக்கத் தொடங்கியது என்றும் அவர் எழுதினார். நானூறுக்கும் மேற்பட்டோரை அது கொன்றதாகக் கணக்கு. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடிபட்ட காட்டுப்பன்றியைப் புதருக்குள் பின்தொடரக் கூடாது என்பது அங்கே சிறுவருக்கும் தெரியும்.

சரியாகச் சுட்டாலும் தோலுக்கு இன்னோர் எதிரி உண்டு. நம் ஊர் வெப்பமும் ஈரப்பதமும். சில மணி நேரத்துக்குள் உரித்து உப்புத் தடவாவிட்டால் தோல் அழுகத் தொடங்கி முடி கொத்துக் கொத்தாக உதிரும். குண்டு ஓட்டையை உட்பக்கத்திலிருந்து தைத்து முடியால் மறைத்துவிடலாம். உதிர்ந்த முடியை ஒட்டவைக்க முடியாது.

1902 ஆகஸ்ட்டில் ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் ஒளிந்திருந்த புலியைச் சுட்டவர் ராஃபிள்ஸ் கல்வி நிலைய முதல்வர் ஃபிலிப்ஸ். அது காட்டுப்புலி அல்ல, அருகில் நடந்த விலங்குக் காட்சியிலிருந்து தப்பி வந்தது. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலியாகக் கருதப்படுவது 1930 அக்டோபரில் சுவா சூ காங்கில் ஓங் கிம் ஹோங் சுட்ட புலி. மலேசியக் காடுகளில் இன்று மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது.

எனவே இப்போது சட்டத்தின் கேள்வி ஓட்டையைப் பற்றியது அல்ல. அந்தத் தோல் கையில் எப்படி வந்தது என்பதே. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலிக்கு முழுப் பாதுகாப்பு அளிக்கிறது. சிங்கப்பூரில் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான சட்டம் 2022ல் கடுமையாக்கப்பட்டது. புலி போன்ற உயர்பாதுகாப்புப் பட்டியல் விலங்குகளின் உறுப்புகளை அனுமதியின்றிக் கொண்டுவந்தால் ஒவ்வொன்றுக்கும் 100,000 வெள்ளி வரை அபராதமும் ஆறாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

தோல் மட்டுமல்ல, நகமும் பல்லும் இதில் அடங்கும். புலிப்பல் தாலி சங்க இலக்கியத்திலேயே பேசப்படும் அணி. குழந்தை பயப்படாமல் இருக்கட்டும் என்று புலிநகம் கோத்த சங்கிலியை ஊரிலிருந்து வாங்கி வரும் வழக்கமும் நம்மிடையே இருந்தது. தாத்தா காலத்து நகை என்று சொன்னால் மட்டும் விமான நிலையத்தில் போதாது. வீட்டில் அப்படி ஏதேனும் இருந்தால், வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதற்கோ விற்பதற்கோ முன் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நகத்தின் வடிவில் தங்கத்திலேயே செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை.