கல்லில் வெட்டியதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

புதுக்கோட்டைப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. கல்லில் வேலை செய்தவர்களுக்கும் பஞ்சமில்லை. அந்த வேலையை இங்கிலீஷில் எழுதச் சொன்னால்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். எல்லாவற்றுக்கும் 'கார்வ்' என்று எழுதிவிடுகிறார்கள்.

தமிழில் நாம் அப்படிக் குழப்புவதில்லை. சிலையைச் செதுக்குகிறோம். எழுத்தை வெட்டுகிறோம். அம்மியைக் கொத்துகிறோம். "அம்மியைச் செதுக்கினான்" என்று ஒருவர் சொன்னால் சிரிக்கமாட்டோமா? இங்கிலீஷ்காரரும் அப்படித்தான் சிரிப்பார்.

ஆவுடையார்கோவிலுக்குப் போனவர்கள் அங்குள்ள கொடுங்கையைப் பார்த்திருப்பார்கள். மரச்சட்டம், ஆணி, கயிறு எல்லாம் கல்லிலேயே இருக்கும். இதுதான் 'கார்வ்'. வேண்டாத கல்லை நீக்கி, உருவத்தை வெளியே கொண்டுவருவது. மரத்திலும் இதைச் செய்யலாம். விருந்து மேஜையில் இறைச்சியைத் துண்டு போடுவதற்கும் வெள்ளைக்காரர்கள் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்!

குடுமியான்மலையில் இருப்பது வேறு வேலை. அங்கே குடைவரைக் கோவிலின் பக்கத்தில், சுமார் 13 அடிக்கு 14 அடி பாறைப் பரப்பில், இசைக்குரிய சுரங்களைப் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பாறை பாறையாகவே இருக்கிறது. கோடு மட்டும் உள்ளே இறங்குகிறது. இதற்கு 'என்கிரேவ்' என்று பெயர். செப்பேட்டில் எழுத்து வெட்டியதும் இதுதான். கல்யாணச் சீர் குடத்தில் பாத்திரக் கடைக்காரர் பெயர் வெட்டித் தருகிறாரே, அதுவும் இதுதான்.

'இன்ஸ்கிரைப்' என்றும் ஒரு சொல் உண்டு. பூவையும் கொடியையும் 'என்கிரேவ்' செய்யலாம். 'இன்ஸ்கிரைப்' என்றால் பெரும்பாலும் எழுத்துதான். கல்வெட்டை 'இன்ஸ்கிரிப்ஷன்' என்பது இதனால்தான்.

'எட்ச்' என்றால் திராவகம் அரித்து உண்டாக்கும் கோடு. முன்பு பத்திரிகைப் படங்களுக்குத் துத்தநாகத் தகட்டில் 'பிளாக்' செய்தது இந்த முறையில்தான்.

சரி, அம்மி கொத்துவதற்கு? மாவரைக்கும் எந்திரக் கல்லைக் கொத்துவதற்கு இங்கிலீஷில் 'டிரஸ்' என்பார்கள். அம்மிக்கும் அதுவே பொருந்தும். உடுத்துகிற அதே டிரஸ்தான்! நம் வீட்டு அம்மிக்கு டிரஸ் போடச் சொன்னால் பாட்டி என்ன நினைப்பாரோ?

கடைசியாகச் சித்தன்னவாசல். அங்கே ஏழடிப்பட்டத்தில், சமணத் துறவிகளின் கற்படுக்கை அருகே, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. அது 'இன்ஸ்கிரிப்ஷன்'. பழைய சின்னங்களைப் பார்க்க வருகிறவர்களில் சிலர், ஆணியாலோ சாவியாலோ தம் பெயரையும் சுவரில் கீறிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் அதையும் கல்வெட்டு என்று நினைத்துக்கொள்ளலாம். இங்கிலீஷில் அது வெறும் 'ஸ்கிராட்ச்'. 1958-ம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் அதற்குரிய சொல் 'டீஃபேஸ்', அதாவது உருவைக் கெடுத்தல். 2010-ல் செய்த திருத்தத்தின்படி அதற்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.