துறைமுகங்களின் அழகும் கடலோடிகளின் கண்ணும்

ஹப்சிகுடா என்னும் பெயரைத் தமிழெழுத்தில் காண்போர், அங்கே கடல் உண்டு என்று எண்ணக்கூடும். வங்காள விரிகுடா, மன்னார் வளைகுடா என்று படித்துப் பழகிய கண் அன்றோ நம்முடையது! ஊரிலிருந்து முதன்முறையாக வரும் உறவினர், "குடா எங்கே இருக்கிறது?" என்று நம்மை நகைப்புடன் வினவுவதும் உண்டு. இங்குள்ள குடாவோ, சிற்றூரைக் குறிக்கும் தெலுங்குச் சொல். கடலுக்கும் நமக்கும் இடையே இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் நிலம் கிடக்கிறது.

ஆயினும் இவ்வூரின் பெயரில் கடல் இல்லாமற் போகவில்லை. ஹப்சியர் என்போர் அபிசீனிய நாட்டார். இன்று எத்தியோப்பியா எனப்படும் நாட்டினர். அவர்கள் பெயராலேயே இவ்விடம் வழங்குவதாகக் கூறுவர். கடல் கடந்து தக்காணத்திற்கு வந்த அம்மக்களுள் பலர் அடிமைகளாக விற்கப்பட்டவர். அகமதுநகர் அரசைத் தாங்கி நின்று, 1626-ஆம் ஆண்டு மறைந்த மாலிக் அம்பர், செங்கடலின் மோக்காத் துறையிலும் பாக்தாத் நகரிலும் கைமாறி இந்நாடு வந்தவர். விலை பேசப்பட்டு நின்ற ஓர் இளைஞனுக்கு அத்துறைமுகம் அழகாகத் தோன்றியிருக்குமா? அதே துறையில் காப்பிக்கொட்டை ஏற்றிப் பொருளீட்டிய வணிகனுக்கு அது எவ்வாறு தோன்றியிருக்கும்?

இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். கப்பலிற் பணியாற்றி ஓய்வுபெற்ற இருவர் ஓரிடத்தில் கூடினால், எந்தத் துறைமுகம் அழகியது, எது அழகற்றது என்னும் வழக்கு எளிதில் எழும், எளிதில் முடியாது. ஒருவர் போற்றுவதை மற்றவர் பழிப்பார். இருவரும் உண்மையே உரைப்பர். அஃது எங்ஙனம் என்பதைப் பழைய ஏடுகள் கொண்டு சிறிது ஆராய்வோம்.

கோல்கொண்டாவின் வாயில்

நாம் வாழும் நிலப்பகுதியைக் குதுப்சாகி மன்னர் ஆண்ட நாளில், இதற்குக் கடல்வாயிலாக விளங்கியது மசூலிப்பட்டினம். இன்று மச்சிலிப்பட்டினம் எனப்படும் ஊர் அதுவே. வைரமும் ஓவியத் துணிகளும் அவ்வழியே உலகெங்கும் சென்றன. ஆங்கிலேய வணிகர் 1611-ஆம் ஆண்டு அங்கே வந்திறங்கினர். சில ஆண்டுகளுக்குப் பின் அங்கே பணியாற்றிய வில்லியம் மெத்வோல்டு என்பார், கோல்கொண்டா நாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மசூலிப்பட்டினத்தில் மக்கள் திரள் மிகுதி. ஆனால் மதில் இல்லை. வீடுகள் செம்மையாகக் கட்டப்பெறவில்லை. ஊர் அமைந்த இடமோ அதனினும் மோசம். ஊற்றுநீர் உப்புக் கரிக்கும். இவை அவர் கூறும் குறைகள். ஆயினும், மீனவர் குப்பமாக இருந்த அவ்விடத்தை வணிகர் நாடி வந்தமைக்குக் காரணம், கப்பல் நிற்கத் தக்க கடல் அங்கே இருந்ததே என்பதையும் அவரே கூறுகிறார்.

பிரெஞ்சு நாட்டு மணி வணிகரான தவெர்னியேயும் இவ்வாறே எழுதினார். வீடுகள் மரத்தாலானவை, அவையும் அழகின்றிக் கட்டப்பட்டவை என்று முதலில் பழித்தவர், உடனே, வங்கக் கடலில் நங்கூரம் பாய்ச்சுவதற்கு இதனினும் சிறந்த இடமில்லை என்று புகழ்ந்தார். பெகு, சயாம், அரக்கான், வங்காளம், மெக்கா, ஹோர்முஸ் ஆகிய இடங்களுக்குக் கப்பல்கள் அங்கிருந்து புறப்பட்டன.

பழிப்பும் புகழ்ச்சியும் ஒருவர் வாயிலிருந்தே வருவதைக் காண்க. இதில் முரண் ஏதுமில்லை. தெருவில் நடந்த கால்கள் ஒன்று கூறின. கலத்தில் நின்ற கண்கள் மற்றொன்று கூறின. காற்றும் அலையும் அடங்கிய மாதங்களில் நங்கூரம் பற்றும் சேற்றுத் தரை மாலுமிக்கு மாளிகையினும் இனியது. ஆனால் அத்தாழ்ந்த கரைக்கு மற்றொரு முகமும் உண்டு. 1864-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் அடித்த புயலில் கடல் ஊருக்குள் ஏறி வந்து, ஏறத்தாழ 30,000 உயிர்களைக் கொண்டு சென்றது. எந்தக் கடலோடியின் புகழுரையும் அவ்வூர் மக்களைக் காக்கவில்லை.

சென்னையைக் கண்ட இருவர்

நம்முள் பலர்க்குச் சென்னை என்றதும் மெரீனாவே நினைவுக்கு வரும். அக்கரையைப் பற்றி இருவர் உரைத்தவற்றை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலாமவர் அலெக்சாண்டர் ஹாமில்டன்; கீழைக்கடல்களில் பல்லாண்டு கலம் செலுத்திய மீகாமன். 1727-இல் வெளிவந்த தம் நூலில், செயின்ட் ஜார்ஜ் கோட்டை நின்ற இடத்தைப் போல் வசதியற்ற இடத்தைத் தாம் கண்டது அரிது என்று கடிந்துரைத்தார். முன்னே ஓயாமல் மோதும் அலை, அடியிலே மணல், பின்னே உப்பாறு, நன்னீர் அருகில் இல்லை. இத்தகைய இடத்தை 1639-இல் பிரான்சிஸ் டே ஏன் தேர்ந்தார்? சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தமையே காரணம் என்று ஊரார் பேசிய வம்பையும் அவர் எழுதி வைத்தார்.

இரண்டாமவர் வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஓவியர். கப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் உடன் சென்று தென்கடல் தீவுகளைத் தீட்டியவர். 1780-இல் சென்னைக் கரையை அணுகிய அவர் கண்ணுக்கு, சுண்ணம் பூசிப் பளபளத்த வெண்மாளிகைகள் பளிங்கு போல் ஒளிர்ந்தன. அலெக்சாந்தர் காலத்துக் கிரேக்க நகரமே எதிரில் எழுந்தது போல் அவர் மகிழ்ந்தார்.

கரை ஒன்றே. ஆனால் மீகாமனுக்குக் கப்பலையும் ஆட்களையும் காக்கும் பொறுப்பு இருந்தது. ஓவியருக்கு அப்பொறுப்பு இல்லை. சென்னையில் அந்நாளில் துறைமுகமே கிடையாது. கலங்கள் திறந்த கடலில் நிற்கும். கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலும் நம் மீனவரே ஆளையும் சரக்கையும் அலை கடத்திக் கரை சேர்ப்பர். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுமுன் கலங்கள் அவ்விடம் விட்டு அகல வேண்டும். அகலாதவற்றின் கதி யாது? 1746-ஆம் ஆண்டு சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னேயின் கப்பற்படை, அவ்வாண்டு அக்டோபரில் அடித்த புயலில் சிதைந்தது. வென்ற படையைக் கடல் வென்றது.

பின்னர் 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கினர். 1881-ஆம் ஆண்டுப் புயல் அவ்வேலையை உடைத்தது. மீண்டும் கட்டினர், வாயிலை மணல் அடைக்கக் கண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை வடகிழக்குப் புறமாக மாற்றி அமைத்தனர். கடலுக்குள் நீண்ட அச்சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து அகன்றது; நாம் போற்றும் மெரீனா மணற்பரப்பு அவ்வாறு பெருகியதே. வடக்கே இராயபுரம் முதலாய பகுதிகளில் மணல் வரவு குன்றவே, கடல் கரையை அரித்தது. மீனவர் குடியிருப்புக்களைக் காக்கக் கல் கொட்டவேண்டியதாயிற்று. மாலை உலாவுக்குச் செல்வோர் அழகென்று மகிழும் மணலுக்கும், வடக்கே வாழும் மீனவர் இழந்த கரைக்கும் காரணம் ஒன்றே. இவ்விருவரையும் அழைத்து, துறைமுகத்தால் சென்னை அழகு பெற்றதா என்று கேட்டால், ஒரே விடை கிடைக்குமா?

எழில் இருந்தும் கைவிடப்பட்ட துறை

இலங்கையின் தென்கோடியில் உள்ள காலித் துறையைக் கண்டவர் அதன் எழிலை மறப்பதில்லை. தென்னஞ்சோலை, வளைந்த கரை, கடலை நோக்கி நிற்கும் பழங்கோட்டை ஆகிய யாவும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தபாற்கப்பல்கள் நிலக்கரி ஏற்றுதற்கு அங்கேயே நின்றன. ஆனால் நீருக்குள் பாறைகள். தென்மேற்குப் பருவக்காற்று வீசினால் கலத்திற்கு அமைதியில்லை. கொழும்பில் 1875-இல் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவர் 1885-இல் நிறைவெய்தியதும், கப்பல்கள் காலியைக் கைவிட்டுக் கொழும்புக்குச் சென்றன. எழில் அப்படியே இருந்தது, மாலுமி போய்விட்டான்.

இதற்கு மறுதலை ஏடன். 1839-இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய அத்துறையில் எரிமலைப் பாறையும் வெயிலுமே மிகுதி. பசும்புல் காண்பது அரிது. எனினும் நீராவிக் கப்பல்களின் காலத்தில் நிலக்கரிக்காக அங்கே நில்லாத கப்பல்கள் சிலவே. பல நாள் நீரன்றி வேறு காணாதவனுக்கு வீட்டுக் கடிதம் எந்தத் துறையில் காத்திருக்கிறதோ, அந்தத் துறையே அழகிய துறை.

இறங்க முடியாத கரை

கப்பலின் மேல்தளத்தில் பாயை விரித்துப் பயணம் செய்த நம்மவர் கண்ணையும் இங்கே நினைத்துப் பார்த்தல் தகும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவந்த 'ரஜூலா' கப்பல், 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்தது. பினாங்கு மலையும் கடலும் உல்லாசப் பயணிகள் போற்றும் காட்சி. கூலிக்குச் சென்ற தமிழர் பலரோ, அந்நகரை மிதிக்குமுன் அருகேயுள்ள ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தனர். எதிர்க்கரையின் எழில் அவர்க்கும் தெரிந்தது. தடையும் உடன் தெரிந்தது.

பழங்கதை என்று இதனை ஒதுக்குதற்கில்லை. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்று பரவியபோது, ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஏறத்தாழ 4 இலட்சம் மாலுமியர் வீடு திரும்ப வழியின்றிக் கப்பலிலேயே இருந்தனர். நம் நாட்டவரும் அவருள் பலர். உலகின் சிறந்த துறைமுகங்கள் அவர்கள் கண்முன் வந்து சென்றன. கால் வைக்க ஒன்றும் இடந்தரவில்லை. பெருந்தொற்று நீங்கிய பின்னும், சரக்குப்பெட்டிக் கப்பல்கள் பல துறைகளில் ஒரு நாளைக்குக் குறைவாகவே நிற்கின்றன. பாரந்தூக்கிகளையும் விளக்குகளையும் கண்டு திரும்பும் இளம் மாலுமியிடம், "அந்நகரம் எப்படி?" என்று கேட்டால் அவர் என் சொல்வார்!

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். நிலத்தை ஐந்தாகப் பகுத்தோர், ஒவ்வொன்றற்கும் ஓர் உள்ளநிலையையும் உரிமையாக்கினர். கடலும் கடல்சார்ந்த நெய்தலுக்கு அவர்கள் வைத்தது இரங்கல். முத்தும் புன்னையும் அன்னமும் நிறைந்த அழகிய கரைக்கு ஏன் இரங்கலை வைத்தனர்? அங்கே நின்று பார்ப்பவள், சென்றவன் திரும்பாது தவிக்கும் தலைவி. நிலத்தோடு நிற்பவரையும் சேர்த்தே அவர்கள் கண்டனர்.

நம் ஊரும் நம் பிள்ளைகளும்

இனி ஹப்சிகுடாவுக்கு வருவோம். காவிரிக்கரையிலும் பொருநைக்கரையிலும் பிறந்து பிழைப்பின் பொருட்டு இங்கு வந்த நம்முள் பெரியோர் சிலர், "என்ன ஊர் இது! எங்கு நோக்கினும் பாறை, கோடையில் அனல், ஓர் ஆற்றங்கரை உண்டா?" என்று சலித்துக்கொள்வர். அச்சலிப்பில் பொய்யில்லை. நீரும் நிழலும் உறவும் விட்டு வந்தவர்க்குப் பாறை பாறையாகத்தான் தோன்றும்.

ஆயினும் அப்பாறைகளை வேறு கண்ணால் பார்ப்போரும் உளர். ஹப்சிகுடாவிலேயே 1961-இல் தோன்றிய தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்குள்ளோர்க்கு இப்பாறை ஒரு நூல். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முன் நிலத்தின் ஆழத்தில் குழம்பாயிருந்து இறுகிய கருங்கல் இது. மேலிருந்த நிலம் தேய்ந்து நீங்க, வெளிப்பட்ட கல்லின் வெடிப்புக்களில் நீரும் வெயிலும் புகுந்து மூலைகளை மழுக்கின. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல் நிற்கும் உருண்டைப் பாறைகள் அவ்வாறு அமைந்தவை. இந்நகரில் அவற்றைக் காக்க வேண்டுமென்று போராடியோரும் உண்டு.

மற்றொரு செய்தியும் நம் பிள்ளைகள் அறியத் தக்கது. கடலற்ற இந்த ஐதராபாத்தில்தான் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் 1999 முதல் இயங்குகிறது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், 2007 முதல் சுனாமி எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பும் அதனுடையதே. உயரலை எழும் என்னும் அறிவிப்பு நாகையிலும் இராமேசுவரத்திலும் உள்ள மீனவர்க்குச் செல்வது இந்தப் பாறை நகரிலிருந்துதான். அதனை நம்பிக் கடலுக்குப் போகாது கரையில் நின்ற மீனவர்க்கு ஐதராபாத் அழகிய ஊரே அன்றோ!

பெரியோரிடம் நாம் வேண்டுவது ஒன்று. ஊரைப் பழிக்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பிறந்த மண்ணை எண்ணி ஏங்குதல் இயல்பு. ஆனால் பிள்ளைகள் கேட்கப் பழிக்கும்போது, எங்கு நின்று பழிக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று. "இது அழகற்ற ஊர்" என்றால் அது தீர்ப்பு. "எனக்கு ஆற்றங்கரை நினைவு வருகிறது" என்றால் அது வரலாறு. தீர்ப்பைக் கேட்டு வளரும் குழந்தை, தான் பிறந்து விளையாடும் இடத்தை எண்ணி நாணுகிறது. வரலாற்றைக் கேட்டு வளரும் குழந்தைக்கோ ஆற்றங்கரையும் கிடைக்கிறது, பாறையும் எஞ்சுகிறது.

கோடை விடுமுறையில் ஊர் செல்லும்போது, அறுவடை முடிந்த தஞ்சை வயலைக் கண்டு நம் பிள்ளைகள், "இங்கே ஒன்றுமே இல்லையே, ஒரு பாறைகூட இல்லையே!" என்று கூறினால், அவர்மேல் சினம் கொள்ளற்க. மெத்வோல்டும் ஹாமில்டனும் செய்ததையே அவர்களும் செய்கிறார்கள். அருகில் அமர்த்தி, அவ்வயலில் நின்ற தாத்தாவின் கதையைச் சொல்லுங்கள்; அவர்கள் ஏறி விளையாடிய பாறையின் கதையையும் கேளுங்கள்.